கிரகணம் சரியா வருதே, அப்புறம் எப்படிடா பொய்?

2020 டிசம்பர் 21. வீட்டிலிருந்தே ஆணி புடுங்கிக்கொண்டிருந்த காலம். கும்பகோணம் பக்கத்துல எங்க ஊர் வீட்டு மொட்டை மாடியில தாத்தாவும் நானும் நின்னுக்கிட்டு இருந்தோம். சாயங்காலம் மேகம் கொஞ்சம் விலகின நேரத்துல, தென்மேற்குல தென்னை மரத்துக்கு மேல குருவும் சனியும் ஒட்டிக்கிட்டு நின்னுது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாகையில பத்துல ஒரு பங்குதான் இடைவெளி. 1623-க்கு அப்புறம் இந்த ரெண்டும் இவ்வளவு நெருங்கி வந்ததே இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. தாத்தா கையில எப்பவும் இருக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினேன்.

"தாத்தா, இதுப்படி குரு நவம்பர் 15-ந் தேதியே மகரத்துக்குப் போயாச்சு. சனி டிசம்பர் 27 வரைக்கும் தனுசுலதான் இருக்கு. ரெண்டும் ஒரே ராசியில கூட இல்லை. நேர்ல பாருங்க, ஒட்டிக்கிட்டு இருக்கு. பஞ்சாங்கம் பொய்தானே?"

தாத்தா ரொம்ப நேரம் வானத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் மெதுவா கேட்டார். "ஓலைச்சுவடி காலத்துலேர்ந்து இந்தக் கணக்கை வெச்சுத்தான்டா கிரகணம் சொன்னாங்க. சொன்ன நாளுக்கு வந்துது. பொய்க் கணக்கு எப்படிடா நிஜத்தைச் சொல்லும்?"

என்கிட்ட பதில் இல்லை. பொறியியல் படிச்சவன், நாலு வருஷம் பொட்டி தட்டினவன், திருதிருன்னு முழிச்சேன். அந்தக் கேள்வியைத் துரத்திக்கிட்டுப் போய்ப் படிச்சதுதான் இந்தப் பதிவு. நீளம் ஜாஸ்தி, பொறுத்துக்குங்க :)

முதல்ல ஒரு சின்ன விஷயத்தைத் தெளிவு பண்ணிடறேன். ராசிக்கு எல்லைக்கோடு எங்கே போடறதுங்கறது மனுஷங்க வெச்சுக்கிட்ட ஏற்பாடு. 'கோடு வேற இடத்துல இருக்கு, அதனாலதான் தேதி வித்தியாசம்'னு யாராவது சொல்லலாம். ஆனா அன்னிக்கு மாடியில அந்தச் சமாதானம் செல்லாது. குரு கோட்டைத் தாண்டி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, அதுக்குள்ள சுமார் ஏழு பாகை நகர்ந்திருக்கும். சனி இன்னும் கோட்டையே தொடலை. கோட்டை எங்கே போட்டாலும் ரெண்டுக்கும் நடுவுல ஏழு பாகைக்கு மேல இருக்கணும். முழு நிலாக்களைப் பக்கத்துல பக்கத்துல அடுக்கினா பதினாலு நிலா கொள்ளும் இடம் அது. வானத்துல அந்த இடமே இல்லை. ஆக, அந்த இடத்துல கணக்கு தப்பு. அதுல சந்தேகம் இல்லை. தப்பான கணக்கு எப்படிக் கிரகணத்தைச் சரியாச் சொல்லுதுங்கறதுதான் கேள்வி.

இதே கேள்வியில மாட்டிக்கிட்டு முழிச்ச ஒரு வெள்ளைக்காரர் நம்ம புதுச்சேரியிலயே இருந்திருக்கார். பெயர் லெ ஜந்தில், பிரெஞ்சு வானியலாளர். இவர் கதையைக் கேட்டா, நம்ம ப்ராஜெக்ட் சொதப்பல்கள் எல்லாம் ஒண்ணுமே இல்லைன்னு தோணும்.

1761-ல வெள்ளிக்கோள் சூரியனுக்குக் குறுக்கே போறதைப் புதுச்சேரியிலிருந்து அளக்கறதுக்காக 1760-ல பிரான்ஸிலிருந்து கிளம்பினார். வழியிலேயே செய்தி வந்தது: புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போயிடுச்சு. கப்பல் திரும்பிடுச்சு. ஜூன் 6-ந் தேதி ஆடற கப்பல்ல நின்னுக்கிட்டுப் பார்த்தார், உருப்படியா எதையும் அளக்க முடியலை. அடுத்த வாய்ப்பு 1769-ல. மனுஷன் ஊருக்குத் திரும்பாம எட்டு வருஷம் இந்தியப் பெருங்கடல் பக்கமே சுத்தினார். மணிலா வரைக்கும் போனார். அதுக்குள்ள புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்துடுச்சு. 1768 மார்ச்சுல வந்து, இடிஞ்சு கிடந்த ஊர்ல ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலையில சரியா அந்த நேரத்துக்கு மேகம் மூடிடுச்சு. அவர் விட்டுட்டு வந்த மணிலாவுல வானம் பளிச்சுன்னு இருந்துதாம். 1771-ல பிரான்ஸுக்குத் திரும்பினா, செத்துட்டார்னு முடிவு பண்ணி, சொந்தக்காரங்க சொத்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவ்வ்வ்...

ஆனா அந்தப் புதுச்சேரி நாட்கள் வீணாப் போகலை. உள்ளூர்ல தமிழர்கள் கிரகணம் கணக்கிடறாங்கன்னு கேள்விப்பட்டு, அவங்ககிட்டயே பாடம் கேட்டார். பேனா கிடையாது, காகிதம் கிடையாது. சோழிகளைத் தரையில வெச்சு நகர்த்தி நகர்த்திக் கணக்குப் போட்டாங்க. அட்டவணைகள் எல்லாம் மனப்பாடம். அவங்க வேகத்தைப் பார்த்து அசந்துபோய் எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஒரு சோதனை. 1765 ஆகஸ்ட் 30-ல நடந்த சந்திர கிரகணத்தை எடுத்துக்கிட்டார். தமிழ்க் கணக்குப்படி கிரகணம் நீடித்த நேரம் நிஜத்தை விட 41 விநாடி குறைவு. ஐரோப்பாவோட கணக்கு எப்படின்னு பார்த்தா, டோபியாஸ் மேயரோட அட்டவணைப்படி 68 விநாடி அதிகம்.

மேயர் யார்னு தெரிஞ்சாத்தான் இதோட கனம் புரியும். நியூட்டனோட ஈர்ப்பு விதி, ஆய்லரோட கணிதம் எல்லாத்தையும் சேர்த்து நிலாவோட ஓட்டத்தைக் கணக்கிட்டவர். அந்த அட்டவணை கடல்ல தீர்க்கரேகை கண்டுபிடிக்க உதவுதுன்னு சொல்லி, அவர் இறந்த பிறகு 1765-ல ஆங்கிலேயர்கள் அவர் மனைவிக்கு 3000 பவுன் கொடுத்தாங்க. அந்த அட்டவணையை சோழி வெச்சுக் கணக்குப் போட்டவர் ஜெயிச்சுட்டார்.

இந்த இடத்தோட நிறுத்திட்டு 'தமிழன்டா'ன்னு ஒரு பதிவு போட்டா நல்லாத்தான் இருக்கும் :) ஆனா கதை இன்னும் முடியலை.

57 வருஷம் கழிச்சு அதே புதுச்சேரி. ஜான் வாரன்னு ஒருத்தர். சென்னை வானாய்வுக்கூடத்தைக் கொஞ்ச காலம் கவனிச்சுக்கிட்டவர். கோலார் பக்கம் தங்கம் இருக்கான்னு 1802-ல தேடிப் போனவரும் இவரே. நம்ம ஊர்ப் பஞ்சாங்க முறைகளைப் பத்தி 1825-ல 'காலசங்கலித' என்ற பெரிய புத்தகம் போட்டார். அதுல ஒரு பஞ்சாங்கக்காரரைப் பத்தி எழுதியிருக்கிறார். அவரும் சோழிதான், மனப்பாடம்தான். 1825 மே 31 ராத்திரி நடந்த சந்திர கிரகணத்தை வாரன் எதிரிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தக் கணக்கு ஏன் வேலை செய்யுதுங்கற சித்தாந்தம் எதுவும் அவருக்குத் தெரியாது, நினைவாற்றல்தான் அபாரம்னு வாரன் சொல்றார்.

இந்தக் கணக்கை ஓட்டோ நாய்கெபவர் என்ற அறிவியல் வரலாற்றாளர் 1952-ல எடுத்து ஆராய்ஞ்சார். கிரகணம் தொடங்கற நேரத்துல பிழை 4 நிமிஷம். நடு நேரத்துல 23 நிமிஷம். முடியற நேரத்துல 52 நிமிஷம்.

அங்கே 41 விநாடி, இங்கே 52 நிமிஷம். ரெண்டும் ஒரே மரபுல வந்த கணக்கு. இப்போ எதை நம்பறது?

அந்த மனப்பாட அட்டவணை எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தா விஷயம் விளங்க ஆரம்பிக்குது. நிலா பூமிக்குக் கிட்ட வந்தா வேகமா ஓடும், தள்ளிப் போனா மெதுவாப் போகும். கிட்ட வந்து, தள்ளிப் போய், மறுபடி கிட்ட வர சுமார் 27.55 நாள் ஆகும். இதை ஒன்பதால பெருக்கினா கிட்டத்தட்ட 248 நாள். அதாவது 248 நாளைக்கு ஒரு தடவை நிலா தன் வேக நடையைத் திரும்ப ஆரம்பிக்கும். அந்த 248 நாளுக்கும் நிலா எங்கே இருக்கும்னு ஆளுக்கொரு சின்ன வாக்கியமா எழுதி வெச்சாங்க. அதனாலதான் 'வாக்கிய'ப் பஞ்சாங்கம். எண்களை எழுத்தா மாத்தற கடபயாதி முறை இது. கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்குப் பரிச்சயமா இருக்கும்: மாயாமாளவகௌளையில ம-ன்னா 5, ய-ன்னா 1, திருப்பிப் போட்டா 15-வது மேளகர்த்தா. அதே வித்தைதான்.

248 துல்லியமான எண் இல்லை, ஒவ்வொரு சுத்துக்கும் சுமார் 13 நிமிஷம் இடிக்கும். அதுவும் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. அதனால 3031 நாள்னு ஒரு பெரிய சுத்தும் வெச்சிருந்தாங்க. அது 110 தடவை. எட்டு வருஷத்துக்கு மேல ஓடியும் அதுல பிழை ஒரு நிமிஷத்துக்குள்ளதான். இந்த 248 பாபிலோனிய களிமண் பலகைகள்லயும் இருக்கு.

நம்ம பாஷையில சொன்னா இது அட்டவணையைப் பார்த்துப் பதில் எடுக்கற நிரல். ஒரு பெரிய கணக்கைப் போட்டு, விடைகளை மட்டும் சேமிச்சு வெச்சு, பயன்படுத்தறவர் கையில கொடுத்துட்டாங்க. சோழிக்காரருக்கு மூல நிரல் தேவையே இல்லை. ரொம்ப அருமையான பொறியியல், அதுல சந்தேகமே வேண்டாம்.

ஆனா அந்த விடைகளைத் தயாரிச்ச மூலக் கணக்குல என்ன இருந்தது? இங்கேதான் தாத்தாவோட கேள்விக்குப் பதில் இருக்கு. எனக்கு இது புரிஞ்ச அன்னிக்குத் தூக்கமே வரலை.

நிலாவோட வேக மாற்றத்துக்கு ஒரே ஒரு காரணம் இல்லை. அதோட பாதை நீள்வட்டமா இருக்கறதால சராசரி இடத்திலிருந்து ஆறேகால் பாகை வரைக்கும் முன்னேயும் பின்னேயும் போகும். அது தவிர சூரியனோட ஈர்ப்பும் நிலாவை இழுக்குது, அதனால இன்னொரு ஒண்ணேகால் பாகை. இந்த ரெண்டாவது திருத்தத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அமாவாசை, பௌர்ணமி நாட்கள்ல அது முதல் திருத்தத்துக்கு நேர் எதிராப் போய், அதைக் குறைச்சுடும். ஆறேகால்ல ஒண்ணேகால் போனா அஞ்சு. நம்ம பழைய நூல்கள்ல நிலாவுக்குக் கொடுத்திருக்கற திருத்தம் எவ்வளவு தெரியுமா? சுமார் அஞ்சு பாகை. கிரேக்கத்துல தாலமியோட முதல் கணக்குலயும் அதே அஞ்சு.

ஏன் ரெண்டு இடத்துலயும் அஞ்சு? கிரகணத்தை வெச்சு அளந்ததால. கிரகணம் பௌர்ணமி, அமாவாசையிலதான் வரும். அந்த நாட்கள்ல அஞ்சுதான் சரி. ஆனா அஷ்டமி பக்கம், அரை நிலா நாட்கள்ல, இந்த ஒற்றைத் திருத்தக் கணக்கு ரெண்டரை பாகை வரைக்கும் தவறும். நேரத்துல சொன்னா நாலஞ்சு மணி நேரம். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி நேரம் இடிக்கறதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அதாவது, கிரகணத்திலிருந்து எடுத்த கணக்கு கிரகணத்தைச் சரியாச் சொல்லுது. பாடத்துல இருந்த கேள்வியே பரிட்சையில வந்தா எல்லாரும் பாஸ்தானே? அந்தக் கணக்கு பொய் இல்லை. நிலாவோட ஓட்டத்துல ஒரு குறுக்குவெட்டுக்கு மட்டும் அது உண்மை. மத்த நாட்களுக்கு அந்த உண்மை நீளாது. 932-ல முஞ்சாலர் இந்த ரெண்டாவது திருத்தத்தைத் தன் நூல்ல சேர்த்திருக்கிறார். ஆனா வாக்கியங்கள்ல அது ஏறலை.

இது நம்ம ஊர்ப் பழக்கம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. தாலமி கி.பி. 150 வாக்குல அரை நிலா நாட்கள்ல வர்ற பிழையைக் கவனிச்சு, வட்டத்துக்குள்ள வட்டம் வெச்சுச் சரி பண்ணினார். நிலா எங்கே நிக்கும்னு நல்லாவே சொல்லிச்சு. ஆனா அந்த மாடல்படி நிலாவோட தூரம் பூமி ஆரத்தைப் போல 33 மடங்கிலிருந்து 64 மடங்கு வரைக்கும் மாறும். அப்படின்னா சில அரை நிலா நாட்கள்ல நிலா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெருசாத் தெரியணும். யாராவது அப்படிப் பார்த்திருக்கோமா? நிலா நிக்கற திசை நிஜத்தோட பொருந்துது, தூரம் பொருந்தவே இல்லை. 14-ம் நூற்றாண்டுல டமாஸ்கஸ் மசூதியில நேரம் கணக்கிட்டுக்கிட்டு இருந்த இப்னு அல்-ஷாதிர்தான் இந்தத் தூரத்தையும் சேர்த்து ஒழுங்கு பண்ணினார்.

1543-ல கோபர்னிகஸ் புத்தகம் வந்தப்போ, ஒசியாண்டர்னு ஒரு பாதிரியார் பெயர் போடாம ஒரு முன்னுரை சேர்த்தார். 'இந்தக் கருதுகோள் உண்மையா இருக்கணும்னு அவசியம் இல்லை, கணக்கு ஒத்துவந்தாப் போதும்'ங்கறது அதோட சாரம். சோழிக்காரரோட கட்சி! கெப்ளருக்கு இது ஆகவே ஆகாது. 1609-ல தன் புத்தகத்துல ஒசியாண்டர் பெயரை எல்லாரும் அறிய வெளியிட்டார்.

அதே புத்தகத்துல கெப்ளர் தன்னோட ஒரு தப்புக் கணக்கையும் வெளிப்படையா வெச்சிருக்கிறார். செவ்வாய்க்கு ஒரு வட்டப் பாதை மாடல் கட்டினார். டைகோ பிராகேயோட அளவுகளோட ரெண்டு கலைக்குள்ள பொருந்திச்சு. கலைன்னா பாகையில அறுபதுல ஒரு பங்கு. வேற யாரா இருந்தாலும் அதோட கடையைச் சாத்தியிருப்பாங்க. இவர் அதே மாடல் தூரத்தைச் சரியாச் சொல்லுதான்னு சோதிச்சார். சொல்லலை. தூரத்தைச் சரி பண்ணினா, திசையில எட்டு கலை இடிச்சுது. முழு நிலாவோட அகலத்துல கால்வாசி. அந்தக் கால்வாசியை மன்னிக்க மாட்டேன்னு அவர் அடம் பிடிச்சதுலதான் நீள்வட்டம் பிறந்தது.

சொந்தக் கதை ஒண்ணு. ஒரு வேலையில, சர்வருக்கு அடுத்த வாரம் எவ்வளவு சுமை வரும்னு கணிக்கற நிரல் எழுதினேன். ஆறு மாசத்துப் பழைய எண்களோட அப்படியே பொருந்திச்சு. எல்லாரும் முதுகுல தட்டினாங்க. தீபாவளி விற்பனை அன்னிக்கு மொத்தமாப் படுத்துடுச்சு. அந்த ஆறு மாசத்துல தீபாவளியே இல்லை. நான் எழுதினது அந்த ஆறு மாசத்தோட வாக்கியப் பஞ்சாங்கம். 41 விநாடின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், 52 நிமிஷம் வந்து நின்னுது.

'மாடல் நிஜத்தோட பொருந்தறதுதான் உண்மை'ன்னு சொல்றதை நான் இன்னும் ஏத்துக்கறேன். ஆனா பொருத்தம் ஒரே எண்ணுல அடங்காது. எந்த இடத்துல பொருந்துது, எந்த நாள்ல, எந்த அளவுலன்னு கேட்காம 'பொருந்துது'ன்னு மட்டும் சொன்னா அதுக்கு அர்த்தம் இல்லை. ஒரு கிரகணத்துல 41 விநாடிங்கறது ஒரே ஒரு புள்ளி. நாலு பிழைகள் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டும் அப்படி வரலாம். எதை வெச்சுக் கட்டினோமோ அதைத் தவிர வேற எதைச் சரியாச் சொல்லுதுங்கறதுதான் சோதனை. மேயரோட அட்டவணை அந்த ஒரு கிரகணத்துல தோத்திருக்கலாம். ஆனா அதுக்குக் கீழே இருக்கற ஈர்ப்பு விதி நிலாவுக்கும், அலைக்கும், வால்நட்சத்திரத்துக்கும் ஒரே விதி.

இந்தச் சோதனையை நம்மவங்களும் பண்ணியிருக்காங்க. கேரளத்துல பரமேஸ்வரர் பல பத்து வருஷம் கிரகணங்களைக் கவனிச்சு, கணக்கு இடிக்குதுன்னு கண்டு, 1431-ல 'த்ருக்கணிதம்' எழுதினார். த்ருக்-ன்னா பார்வை. நாம 'திரு'க்கணிதம்னு மரியாதை சேர்த்துச் சொல்றது நிஜத்துல 'பார்த்துச் சரிபார்த்த கணிதம்'. 19-ம் நூற்றாண்டுல சென்னை வானாய்வுக்கூடத்துல வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் இதே கட்சி. 1867-ல ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடிச்சவர், பார்வைக்கு ஒத்துவர்ற பஞ்சாங்கம் வேணும்னு போராடினவர். 1874 டிசம்பர்ல வந்த வெள்ளி இடைமறைப்பைப் பத்தி நம்ம ஜனங்களுக்குப் புரியற மாதிரி புத்தகம் போட்டார். லெ ஜந்தில் மேகத்துல கோட்டை விட்ட அதே இடைமறைப்பு, அடுத்த சுத்து.

இதையெல்லாம் படிச்சு முடிச்சுட்டு ஊருக்குப் போனப்போ தாத்தாகிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டார். நிலாவோட அஞ்சு பாகை விஷயத்தை ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். "பௌர்ணமிக்கு எழுதின கணக்குன்னு சொல்லு"ன்னார். அதை விடச் சுருக்கமா என்னால சொல்ல முடியாது.

2023-ல சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. பதினொரு மாச வித்தியாசம். திருநள்ளாறுல டிசம்பர் 20-க்குத்தான் விழா. தாத்தா டிசம்பர்லதான் போயிட்டு வந்தார். நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். கோயில் தேதிங்கறது ஊர் கூடி வெச்சுக்கிட்ட ஏற்பாடு. அதுல உண்மை பொய்ன்னு கேட்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்கே தோணிச்சு. பஸ்ல திரும்பி வர்றப்போ தாத்தா ஜன்னல் வழியா மேற்கே பார்த்துட்டு, "சனி இப்போ எங்கடா இருக்கு, நிஜமா?"ன்னு கேட்டார்.

காட்டினேன். கும்பத்துக்குள்ள எட்டு பாகை போயிருந்துது.